மீக்கணிப்பொறியின் லினக்ஸ் நம் மேசைக்கு என்ன தந்தது?

உலகிலேயே மிக வேகமான 500 கணிப்பொறிகளை வரிசைப்படுத்தி, ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும், 'டாப் 500' என்றொரு பட்டியல் வெளியிடப்படுகிறது. 1993-ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. 2017 நவம்பரில் வெளிவந்த பட்டியலில் ஒரு புதுமை காணப்பட்டது. அதில் இடம்பெற்ற ஐந்நூறும், ஒன்றுகூட விடாமல், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டு இயங்கின. 2024 நவம்பரில் முதலிடம் பெற்ற அமெரிக்காவின் 'எல் கேப்பிடன்' கணிப்பொறி, விநாடிக்கு 17,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போட வல்லது. அதன் இயங்குதளமும் லினக்ஸ்தான்.

இதைக் காட்டி, "உலகின் மாபெரும் கணிப்பொறிகளே லினக்ஸை நம்புகின்றன, ஆகவே உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் அதுவே ஏற்றது" என்று சொல்வோர் உண்டு. "தேர் வடத்தைக் கொண்டுவந்து தொட்டில் கட்ட முடியுமா? அங்கே பயன்படுவது இங்கே எதற்கு?" என்று மறுப்போரும் உண்டு. இரண்டில் எது சரி? தமக்கென ஒரு கணிப்பொறி வாங்க எண்ணும் மாணவருக்கும், ஒரு பள்ளிக்கு நாற்பது கணிப்பொறிகள் வாங்கும் பொறுப்பில் உள்ளவருக்கும் இது வெறும் பட்டிமன்றத் தலைப்பன்று. பணமும் உழைப்பும் சம்பந்தப்பட்ட கேள்வி. கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

இயங்குதளம் செய்யும் வேலை

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று வேலை வாங்குவது இயங்குதளம். அதன் நடுவில் இருப்பது கெர்னல் எனப்படும் உட்கரு. எந்த நிரலுக்கு நுண்செயலியை எவ்வளவு நேரம் தருவது, நினைவகத்தை எப்படிப் பங்கிடுவது, வன்வட்டில் எந்தக் கோப்பை எங்கே வைப்பது ஆகியவற்றையெல்லாம் தீர்மானிப்பது இந்த உட்கருவே. திரையில் நாம் காணும் சாளரங்களும் பட்டியல்களும் எழுத்துகளும் இதற்கு மேலே அமைந்த வேறு அடுக்குகள். இந்தப் பாகுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் கேள்விக்கான விடை இதில்தான் அடங்கியிருக்கிறது.

பூட்டிய அறைகளின் காலம்

1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் மீக்கணிப்பொறி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இயங்குதளம் வைத்திருந்தது. கிரே நிறுவனத்துக்கு யூனிகாஸ், ஐ.பி.எம். நிறுவனத்துக்கு ஏ.ஐ.எக்ஸ்., சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்துக்கு ஐரிக்ஸ். இவை யாவும் யூனிக்ஸ் என்ற ஒரே மரத்தின் கிளைகள்தாம். ஆயினும் ஒரு நிறுவனத்தின் பொறியாளர்கள் கண்டறிந்த நல்ல வழிமுறை அந்த நிறுவனத்தின் சுவருக்கு வெளியே வருவது அரிது. மூல நிரல் வணிக இரகசியம். வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்த சிறு கணிப்பொறிகளுக்கு அந்த அறிவால் கிடைத்த நேரடிப் பயன் மிகச் சொற்பமே.

1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் சொந்த 386 கணிப்பொறிக்காக ஓர் உட்கருவை எழுதத் தொடங்கினார். அதுவே லினக்ஸ். அடுத்த ஆண்டே அதனை ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் வெளியிட்டார். யாரும் அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்குபவர் திருத்திய மூல நிரலையும் சேர்த்தே வழங்கவேண்டும் என்பது அந்த உரிமத்தின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லினக்ஸ் பிறந்தது மீக்கணிப்பொறியில் அன்று. ஒரு மாணவரின் மேசையில்.

மேசையிலிருந்து மேலே சென்ற பாதை

1994-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். கடைகளில் விற்கும் 486 நுண்செயலிகள் பதினாறை வாங்கி, அலுவலகங்களில் பயன்படும் சாதாரண ஈத்தர்நெட் இணைப்பால் பிணைத்து, லினக்ஸை இட்டு, ஒரே கணிப்பொறியைப் போல வேலை செய்ய வைத்தார்கள். இதற்கு 'பேவுல்ஃப்' என்று பெயர். விலை உயர்ந்த மீக்கணிப்பொறிக்குப் பதிலாக மலிவான பொறிகளின் கூட்டம் என்ற கருத்து இதன் பின்னரே பரவியது.

கூட்டமாக வேலை செய்யும் பொறிகளுக்கு இடையே செய்தி விரைந்து செல்லவேண்டும் அல்லவா? அக்காலத்தில் பலவகை நெட்வொர்க் அட்டைகளுக்கு லினக்ஸில் சரியான டிரைவர் நிரல் இல்லை. பெக்கர் ஒவ்வோர் அட்டைக்கும் டிரைவர் எழுதினார். எழுதியதை லினக்ஸின் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தார். அவர் எழுதியது விண்வெளி ஆய்வுக் கணக்குகளுக்காக. ஆனால் அதே அட்டையைக் கடையில் வாங்கித் தம் கணிப்பொறியில் செருகிய சாதாரண மனிதருக்கும் அது வேலை செய்தது. பெருங்கணக்கின் தேவை மேசைக்கு நேரடியாகப் பயன் தந்த முதற் சான்றுகளில் ஒன்றாக இதைச் சொல்லலாம்.

1998-இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் 'அவலான்' என்ற லினக்ஸ் கூட்டம் டாப் 500 பட்டியலில் நுழைந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் பட்டியல் முழுவதும் லினக்ஸ் ஆயிற்று.

ஒரே சாவி, பல கதவுகள்

இரண்டாவது சான்று நுண்செயலிகளின் எண்ணிக்கை பற்றியது. 1996-இல் வந்த லினக்ஸ் 2.0 பதிப்புதான் முதன்முதலில் ஒன்றுக்கு மேற்பட்ட நுண்செயலிகளை ஆதரித்தது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. உட்கரு முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய பூட்டு. ஒரு நுண்செயலி உட்கருவுக்குள் நுழைந்து வேலை செய்யும்போது மற்றவை வெளியே காத்திருக்க வேண்டும். கிராமத்தில் ஒரே ஒரு கிணறும் ஒரே ஒரு வாளியும் இருப்பதைப் போன்ற நிலை இது. இரண்டு பேர் என்றால் சமாளிக்கலாம்; ஐந்நூறு பேர் வந்தால்?

அந்த ஐந்நூறு உண்மையாகவே வந்தன. 512 நுண்செயலிகளை ஒரே லினக்ஸ் உட்கருவின்கீழ் இயக்கும் 'ஆல்டிக்ஸ்' பொறியைச் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் நாசாவுக்கு அமைத்துக் கொடுத்தது. 2003-இல் கொலம்பியா விண்ணோட விபத்தில் உயிர்நீத்த கல்பனா சாவ்லாவின் நினைவாக, 2004-இல் நாசா அப்பொறிக்குக் 'கல்பனா' என்றே பெயர் சூட்டியது. அதே ஆண்டில் அத்தகைய இருபது பொறிகளை இணைத்து 10,240 நுண்செயலிகள் கொண்ட 'கொலம்பியா' மீக்கணிப்பொறி உருவாயிற்று.

இத்தகைய பொறிகளுக்காகவும், பெரிய வணிகச் சேவைக் கணிப்பொறிகளுக்காகவும், லினக்ஸின் பெரும்பூட்டைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரிக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசிப் பெரும்பூட்டு 2011-இல் வந்த 2.6.39 பதிப்பில்தான் முற்றிலும் அகற்றப்பட்டது.

இதனால் வீட்டுக் கணிப்பொறிக்கு என்ன? 2005-இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே சில்லில் இரண்டு நுண்செயலிக் கருக்களை வைத்துச் சாதாரணக் கணிப்பொறிகளுக்கு விற்கத் தொடங்கின. பிறகு நான்கு, எட்டு என்று பெருகின. அவை கடைக்கு வந்தபோது, அவற்றை வேலை வாங்கும் வித்தை லினக்ஸில் ஏற்கெனவே பெரும்பாலும் கைகூடியிருந்தது. பெரிய பொறி நேற்றுச் சந்தித்த சிக்கலைச் சிறிய பொறி இன்று சந்தித்தது. தீர்வு ஆயத்தமாக இருந்தது.

திரைப்படக் கோப்பும் லஸ்டரும்

மூன்றாவது சான்று, லினக்ஸ் பயன்படுத்தும் பலரின் வன்வட்டிலேயே இருக்கிறது.

1999-இல் பீட்டர் பிராம் என்பவர் 'லஸ்டர்' என்ற கோப்பு முறைமையைத் தொடங்கினார். லினக்ஸ், கிளஸ்டர் என்ற இரு சொற்களின் சேர்க்கை அப்பெயர். ஆயிரக்கணக்கான நுண்செயலிகள் ஒரே நேரத்தில் பெரும் கோப்புகளை எழுதவும் படிக்கவும் ஏற்றது அது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வுக்கூடங்கள் அதற்கு ஆதரவு தந்தன. லஸ்டர் தன் அடித்தளமாக வைத்துக் கொண்டது லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்-3 என்னும் கோப்பு முறைமையை. ஆனால் எக்ஸ்ட்-3 அவ்வளவு பெரிய சுமைக்கு ஏற்றதன்று.

ஏன் என்று பார்ப்போம். எக்ஸ்ட்-3 ஒரு கோப்பை 4 கிலோபைட் அளவுள்ள சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் வட்டில் எங்கே உள்ளது என்று தனித்தனியே குறித்து வைக்கும். 1 கிகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படக் கோப்புக்கு 2,62,144 குறிப்புகள்! ஒரு தெருவில் நூறு வீடுகள் வாங்கியவர் பத்திரத்தில் நூறு கதவு எண்களையும் எழுதுவதைப் போன்றது இது. "1-ஆம் எண் முதல் 100-ஆம் எண் வரை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் போதாதா? லஸ்டரை வளர்த்த நிறுவனத்தின் நிரலாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். தொடர்ச்சியான கட்டங்களை ஒரே குறிப்பில் அடக்கினார்கள். ஒரு குறிப்பு 128 மெகாபைட் வரை சுட்டும். வட்டில் இடம் தொடர்ச்சியாக இருந்தால், அதே திரைப்படத்துக்கு எட்டுக் குறிப்புகளே போதும்.

இந்தத் திருத்தங்கள் பொதுக் களஞ்சியத்துக்கு வந்தன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு எக்ஸ்ட்-4 உருவாகி, 2008 டிசம்பரில் முழுமை பெற்றது. 2009 அக்டோபரில் உபுண்டு என்னும் புகழ்பெற்ற மேசை லினக்ஸ் தொகுப்பு அதையே தன் இயல்பான கோப்பு முறைமையாக ஏற்றது. பெரிய கோப்பு ஒன்றை அழிக்கும்போது முன்பு சில விநாடிகள் உறைந்து நின்ற கணிப்பொறி, இப்போது உடனே அழித்து முடிக்கிறது. வட்டைச் சோதிக்கும் நேரமும் பெரிதும் குறைந்தது.

திறந்த மூலம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் தன் ஐரிக்ஸுக்காக 1990-களின் தொடக்கத்தில் எக்ஸ்.எஃப்.எஸ். என்ற சிறந்த கோப்பு முறைமையைச் செய்திருந்தது. பின்னர் அதன் மூல நிரலைத் திறந்துவிட, 2002-இல் அது லினக்ஸின் பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்தது. ஐரிக்ஸின் காலம் முடிந்தது. 2009-இல் அந்நிறுவனமே நொடித்துப் போய் விற்கப்பட்டது. ஆனால் எக்ஸ்.எஃப்.எஸ். அழியவில்லை. 2014-இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் வணிக லினக்ஸ் அதையே தன் இயல்பான கோப்பு முறைமையாக்கியது. நிறுவனம் மறைந்தும் அறிவு பிழைத்தது, அது முன்னமே பூட்டைத் திறந்துவிட்ட காரணத்தால்.

நாணயத்தின் மறுபக்கம்

இதுவரை சொன்னதைக் கொண்டு, மீக்கணிப்பொறிக்கு நல்லதெல்லாம் மேசைக்கும் நல்லது என்று முடிவு கட்டிவிடலாகாது.

எக்ஸ்ட்-4-லேயே ஒரு பாடம் இருக்கிறது. அது எழுதவேண்டிய தகவலை உடனே வட்டில் எழுதாமல், சற்றுப் பொறுத்து, மொத்தமாக நல்ல இடம் பார்த்து எழுதும். தொடர்ச்சியான இடம் கிடைப்பதால் வேகம் கூடும். பெருங்கணிப்பு மையங்களில் தடையில்லா மின்சாரம் உண்டு. நிரல்களும் கவனமாக எழுதப்பட்டவை. ஆனால் 2009-இன் தொடக்கத்தில் மேசைக் கணிப்பொறிகளில் எக்ஸ்ட்-4-ஐச் சோதித்துப் பார்த்தவர்கள் சிலர், பொறி திடீரென்று நின்று மறுபடி தொடங்கியபோது திடுக்கிட்டார்கள். கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. முன்பு சுமார் ஐந்து விநாடிக்குள் வட்டுக்குச் சென்ற தகவல், இப்போது அரை நிமிடம் வரையிலோ அதற்கு மேலுமோ நினைவகத்திலேயே தங்கியதால் வந்த விளைவு இது. புகார்கள் குவிந்தன. எக்ஸ்ட்-4-ஐப் பராமரித்த தியோடர் சோ, நிரல்களை எழுதுவோரே தகவலை உடனே எழுதும்படி கேட்டிருக்க வேண்டும் என்று விளக்கினார். எனினும் அதே ஆண்டில் வந்த 2.6.30 பதிப்பில் இந்த ஆபத்தைக் குறைக்கும் திருத்தம் சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தத்தை வரவழைத்தவர்கள் மேசைப் பயனாளர்களே.

இன்னொரு பிணக்கு 2007-இல் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவரான கான் கொலிவாஸ், ஓய்வு நேரத்தில் லினக்ஸ் உட்கருவைத் திருத்தி வந்தார். அவர் கவலை ஒன்றே: சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி உடனே நகரவேண்டும், பாட்டுக் கேட்கும்போது இடையில் விக்கக்கூடாது. பெரிய பொறிகளை விற்கும் நிறுவனங்களின் தேவைகளே உட்கருவின் போக்கைத் தீர்மானிக்கின்றன, சாதாரணப் பயனாளரின் அனுபவம் அளக்கப்படுவதே இல்லை என்று அவர் குறைப்பட்டு விலகினார். அவர் முன்வைத்த நியாயமான பங்கீடு என்னும் கருத்தைத் தழுவி, இங்கோ மோல்னார் எழுதிய வேறொரு நிரல் அதே ஆண்டு உட்கருவில் ஏற்கப்பட்டது. 2009-இல் கொலிவாஸ் மீண்டும் வந்து தாமாகவே ஒரு பங்கீட்டு நிரலை வெளியிட்டார். அது சில நுண்செயலிகளே உள்ள பொறிகளுக்கு உரியது, ஆயிரக்கணக்கானவற்றுக்கு அன்று என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அவருடைய குறையில் நியாயம் இருந்தது. மீக்கணிப்பொறி விரும்புவது மொத்த வேலை விரைவில் முடிவதை. மேசையில் அமர்ந்திருப்பவர் விரும்புவது தாம் தட்டிய விசைக்கு உடனே பதில் வருவதை. வேகம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறோம். ஆனால் இரண்டும் வேறு.

வராத பயன்கள்

மேலே சொன்ன அடுக்குகளை இப்போது நினைத்துப் பாருங்கள். நெட்வொர்க் டிரைவர், நுண்செயலிப் பங்கீடு, கோப்பு முறைமை ஆகிய மூன்றும் உட்கருவைச் சேர்ந்தவை. திரைக்கு மேலுள்ள அடுக்குக்கு மீக்கணிப்பொறியிலிருந்து என்ன வந்தது? ஏறத்தாழ ஒன்றுமில்லை எனலாம்.

மீக்கணிப்பொறிக்கு ஒலிபெருக்கி கிடையாது. அது அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டுவதில்லை. மூடியைச் சாத்தினால் உறங்கி, திறந்தால் விழிக்கவேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. 'கொ' என்று தட்டினால் 'க'வுக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வந்து அமர வேண்டும். இதனைப் பல லினக்ஸ் திரைகளில் செய்து தருவது ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நிரல். பன்மொழி எழுத்துகளைத் திரையில் காட்ட முனைந்தவர்கள் வளர்த்தது அது. வானிலைக் கணக்கும் அணுக்கருக் கணக்கும் போடும் பொறிக்குக் கொம்பும் காலும் எதற்கு?

கிராபிக்ஸ் அட்டைகளின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. என்விடியா நிறுவனத்தின் அட்டைகள் மீக்கணிப்பொறிகளிலும் உண்டு, விளையாட்டுக் கணிப்பொறிகளிலும் உண்டு. லினக்ஸுக்கான அதன் டிரைவர் நெடுங்காலம் மூடிய நிரலாகவே இருந்தது. 2022 மே மாதம் உட்கருப் பகுதியின் மூல நிரலை அந்நிறுவனம் திறந்தது. ஆனால் தரவு மையங்களின் அட்டைகளுக்குத்தான் அது அன்று முழுத் தகுதியோடு ஆயத்தமாக இருந்தது. மேசை அட்டைகளுக்குச் சோதனை நிலையிலேயே வந்தது. 2024-இல்தான் புதிய மேசை அட்டைகளுக்கும் அது முதன்மையான வழியாயிற்று. பயன் வந்து சேர்ந்தது. ஆனால் பந்தியில் மேசைக்கு இரண்டாம் வரிசைதான்.

எது நம்மை வந்து சேரும்?

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். மீக்கணிப்பொறியில் லினக்ஸ் இருப்பதால் மேசைப் பயனாளருக்கு நன்மை உண்டா? உண்டு. ஆனால் அந்த நன்மை மழையைப் போலத் தானாக எல்லா இடத்திலும் பெய்வதில்லை. வாய்க்கால் வெட்டிய இடத்தில் மட்டுமே பாய்கிறது.

வாய்க்காலுக்கு இரண்டு கரைகள் உண்டு. முதலாவது, பெரிய பொறிக்கும் சிறிய பொறிக்கும் பொதுவான வேலையாக அது இருக்கவேண்டும். இரண்டாவது, செய்த திருத்தத்தை யாரேனும் பொதுக் களஞ்சியத்துக்குத் திருப்பித் தரவேண்டும். ஜி.பி.எல். உரிமம்கூட, தன் கூடத்துக்குள்ளேயே பயன்படுத்திக் கொள்பவரை அவ்வாறு தரும்படி கட்டாயப்படுத்துவதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும் லினக்ஸில், தன் திருத்தத்தைத் தனியே வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி பொருத்த வேண்டும். திருப்பித் தந்துவிட்டால் அந்தச் சுமை குறைகிறது. கொடுப்பதில் இத்தகைய இலாபமும் இருப்பதால்தான் இந்த முறை நிலைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் இதைக் காணலாம். 1988-இல் தொடங்கப்பட்டு, 1991-இல் பரம் 8000 மீக்கணிப்பொறியைச் செய்த சி-டாக் நிறுவனமே, 2007-இல் பாஸ் என்ற மேசை லினக்ஸையும் வெளியிட்டது. ஒரே நிறுவனம் என்பதால் ஒன்றின் வேகம் மற்றதற்கு வந்துவிடாது. பாஸுக்கு இந்திய மொழிகளின் எழுத்துகளையும் அகராதிகளையும் தனியே உழைத்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆகவே, "ஐந்நூறும் லினக்ஸ்" என்ற செய்தியைக் கேட்டு மட்டும் உங்கள் கணிப்பொறிக்கு இயங்குதளம் தேர்ந்தெடுக்க வேண்டாம். வட்டும் வலையிணைப்பும் பல நுண்செயலிகளும் நன்றாக இயங்குமா என்று கேட்டால், பெரிய பொறிகளில் பட்டு உரமேறிய நிரல்கள் அவை என்று தைரியமாகச் சொல்லலாம். உங்கள் அச்சுப்பொறி வேலை செய்யுமா, தமிழ் சரியாகத் தெரியுமா, மூடியைச் சாத்தினால் பொறி உறங்குமா என்ற கேள்விகளுக்கு அந்த ஐந்நூறும் சாட்சி சொல்ல வர மாட்டா. அவற்றை நீங்களே உங்கள் பொறியில் இட்டுச் சோதித்துப் பாருங்கள். குறை கண்டால் நிரலை எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள். 2009-இல் காலியான கோப்புகளைக் கண்டவர்கள் செய்ததும் அதுவே.